இங்கே வேண்டாம் என்றால் எங்கே?

ஒரு குடியிருப்பு வட்டாரத்தை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். பத்துப் பன்னிரண்டு அடுக்குமாடி புளோக்குகள். அவற்றுக்கு நடுவே ஒரு புல்தரை. மாலை நேரத்தில் சிறுவர்கள் அங்கே பந்து விளையாடுவார்கள். முதியவர்கள் அதைச் சுற்றி மெதுவாக நடப்பார்கள். ஒரு நாள், மின்தூக்கிக்குப் பக்கத்தில் உள்ள அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. அந்தப் புல்தரையில் சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்று கட்டப்படவிருக்கிறது என்று அதில் எழுதியிருக்கிறது.

அன்று இரவே அந்த வட்டாரத்தின் வாட்ஸ்அப் குழுவில் செய்திகள் குவிகின்றன. “நல்ல காரியம்தான். ஆனால் ஏன் இங்கே?” என்று ஒருவர் கேட்கிறார். “வீட்டு விலை என்ன ஆகும்?” என்கிறார் இன்னொருவர். “காலையில் ஏற்கெனவே நெரிசல். இதில் பள்ளிப் பேருந்துகளும் வந்தால்?” என்று மூன்றாமவர் எழுதுகிறார். “அந்தப் பிள்ளைகள் சத்தம் போடுவார்களாமே, நம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இருக்குமா?” என்பது நான்காவது செய்தி. இரண்டு நாள்களில் ஒரு மனு கையெழுத்துக்காக வீடு வீடாகச் செல்கிறது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், இத்தகைய எதிர்ப்பு நமக்குப் புதியதன்று. 2012ஆம் ஆண்டில் உட்லண்ட்ஸில் முதியோர் பராமரிப்பு நிலையம் ஒன்றையும் பீஷானில் தாதிமை இல்லம் ஒன்றையும் அமைக்கும் திட்டங்கள் அறிவிக்கப்பட்டபோது, அக்கம்பக்கத்தில் வசித்த சிலர் அவற்றை எதிர்த்தார்கள். நாடெங்கும் அது பேச்சுப்பொருளானது. முதியோர் நிலையத்துக்கு எழுந்த அதே கேள்வி, சிறப்புப் பள்ளிக்கும் எழலாம். அப்போது நாம் எந்தப் பக்கம் நிற்போம்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கம்பக்கத்தாரின் கவலைகளைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். தீர்க்கக்கூடியவற்றைத் தீர்க்கவும் வேண்டும். ஆனால், “இந்தப் பிள்ளைகள் எங்கள் தெருவுக்கு வரக்கூடாது” என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் முக்கியம்.

முதலில், இத்தகைய பள்ளிகள் ஏன் தேவை என்பதைப் பார்ப்போம். சிங்கப்பூரில் கட்டாயக் கல்விச் சட்டம் 2003ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்தது. தொடக்கத்தில், கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கு அச்சட்டத்திலிருந்து விலக்கு இருந்தது. 2019ஆம் ஆண்டு முதல், மிதமான அல்லது கடுமையான சிறப்புக் கல்வித் தேவையுடைய பிள்ளைகளும் அச்சட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்டார்கள். “உங்கள் பிள்ளையும் பள்ளிக்கு வர வேண்டும், அந்தப் பிள்ளையையும் நாங்கள் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்கிறோம்” என்று நாடு அந்தப் பெற்றோரிடம் சொன்ன தருணம் அது.

சிறப்புக் கல்வித் தேவையுடைய மாணவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வழக்கமான பள்ளிகளிலேயே படிக்கிறார்கள். உங்கள் வகுப்பிலும் சிலர் இருக்கலாம். மற்றவர்களுக்கு வேறு வகையான பாடத்திட்டமும் கூடுதல் கவனிப்பும் தேவைப்படுகின்றன. அவர்களுக்காகவே சிறப்புப் பள்ளிகள் இருக்கின்றன. மதியிறுக்கம் உடையவர்கள், அறிவுத்திறன் குறைபாடு உடையவர்கள், பார்வை அல்லது செவித்திறன் குறைபாடு உடையவர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் உடையவர்கள் எனப் பலரும் அங்கே படிக்கிறார்கள். பொதுவாக 7 வயது முதல் 18 வயது வரை அவர்கள் அங்கே பயில்கிறார்கள். வகுப்புகள் சிறியவை. ஆசிரியர்களோடு பேச்சுச் சிகிச்சையாளர்களும் தொழில்வழிச் சிகிச்சையாளர்களும் உளவியலாளர்களும் சேர்ந்து பணியாற்றுகிறார்கள்.

பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பள்ளி என் வீட்டருகே வேண்டாம் என்று நாம் ஒவ்வொருவரும் சொன்னால், அந்தப் பிள்ளை எங்கே போவது?

“ஊருக்கு ஒதுக்குப்புறமாகக் கட்டலாமே” என்று சிலர் சொல்வதுண்டு. நம் நாட்டின் பரப்பளவு ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர். இங்கு ஒதுக்குப்புறம் என்பதே அரிது. தொழிற்பேட்டைகளின் ஓரத்தில் இடம் கிடைக்கலாம். ஆனால், அங்கே பள்ளி கட்டினால் இரண்டு இழப்புகள் நேரும்.

முதல் இழப்பு நேரம். ஒலியையும் நெரிசலையும் தாங்க இயலாத ஒரு பிள்ளைக்கு, காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் பேருந்தில் உட்கார்ந்திருப்பது எளிதன்று. வகுப்பறைக்குள் நுழையும்போதே அந்தப் பிள்ளை களைத்துப் போயிருக்கும். அதன்பின் ஆசிரியர் எவ்வளவு முயன்றாலும் பாடம் மனத்தில் பதியுமா?

இரண்டாவது இழப்பு இன்னும் பெரியது. நமக்குப் பள்ளி என்றால் வகுப்பறையும் புத்தகமும்தான் நினைவுக்கு வரும். சிறப்புப் பள்ளி மாணவர்களுக்கோ, சுற்றுப்புறமே ஒரு பாடப்புத்தகம். பச்சை விளக்கு எரியும்வரை காத்திருந்து சாலையைக் கடப்பது, கடையில் பட்டியலைப் பார்த்து ரொட்டியும் பாலும் வாங்குவது, மீதிப் பணத்தைச் சரிபார்ப்பது, உணவங்காடி நிலையத்தில் வரிசையில் நிற்பது ஆகிய அனைத்தும் அவர்களுடைய பாடங்கள். பள்ளிக்கு வெளியே கடையும் இல்லை, கடக்கச் சாலையும் இல்லை, பேச மனிதரும் இல்லை என்றால் இந்தப் பாடங்களை எங்கே படிப்பது?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முற்பகலில் நான் பேருந்தில் சென்றுகொண்டிருந்தேன். ஓர் ஆசிரியை நான்கு மாணவர்களோடு ஏறினார். ஒவ்வொருவரும் தங்கள் அட்டையைத் தாமே கருவியில் வைக்க வேண்டும் என்பது அன்றைய பாடம். முதல் மூவரும் எளிதாகச் செய்துவிட்டார்கள். நான்காவது மாணவன் தயங்கி நின்றான். பின்னால் சிலர் காத்திருந்தார்கள். ஆசிரியை அவன் கையைப் பிடித்து வைத்துவிடவில்லை, பொறுத்திருந்தார். ஓட்டுநரும் பொறுத்திருந்தார். அரை நிமிடம் கழித்து, கருவி ‘பீப்’ என்று ஒலித்தது. அந்த மாணவன் ஓட்டுநரைப் பார்த்துச் சிரித்தான். அந்த அரை நிமிடத்தில் அவனுக்குப் பயண அட்டையைப் பற்றிய பாடம் கிடைத்தது. பேருந்தில் இருந்த எங்களுக்குப் பொறுமையைப் பற்றிய பாடம் கிடைத்தது. பள்ளி குடியிருப்புப் பகுதியில் இருந்ததால்தான் இரண்டு பாடங்களும் நடந்தன.

இனி, அக்கம்பக்கத்தாரின் கவலைகளுக்கு வருவோம். அவற்றைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. நானும் அப்படி முணுமுணுத்தவன்தான். என் புளோக்கின் வெற்றுத்தளத்தில் பாலர் பள்ளி ஒன்று திறக்கப்பட்டபோது, “சனிக்கிழமையும் சத்தமாக இருக்குமோ?” என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. வீடு என்பது நம்மில் பலர் வாழ்நாளில் வாங்கும் மிகப் பெரிய பொருள். அதைச் சுற்றி ஏதேனும் மாறுகிறது என்றால் மனம் கலங்குவது இயல்பு.

போக்குவரத்து நெரிசல் பற்றிய கவலை நியாயமானது. சிறப்புப் பள்ளி மாணவர்கள் பலர் பேருந்திலோ பெற்றோரின் வாகனத்திலோ வருகிறார்கள். சிலர் சக்கர நாற்காலியில் இருப்பதால் இறங்குவதற்கும் நேரம் ஆகும். ஆனால், இதற்குத் தீர்வு உண்டு. வாகனங்கள் சாலையில் நிற்காமல் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வந்து திரும்பும்படி பாதை அமைக்கலாம். அக்கம்பக்கத்துப் பள்ளிகள் தொடங்கும் நேரத்துக்கும் இந்தப் பள்ளி தொடங்கும் நேரத்துக்கும் இடையே இடைவெளி விடலாம். இது பொறியாளர்கள் தீர்க்கக்கூடிய சிக்கல்.

புல்தரை பறிபோகும் என்ற கவலையும் உண்மையான இழப்பைப் பற்றியதுதான். அதை அற்பமாக ஒதுக்கக்கூடாது. நம் நாட்டில் பல பள்ளிகளின் திடல்களும் விளையாட்டுக் கூடங்களும் பள்ளி நேரத்துக்குப்பின் பொதுமக்களின் பயன்பாட்டுக்குத் திறந்துவிடப்படுகின்றன. புதிய பள்ளியின் திடலையும் அவ்வாறு திறந்துவிட முடிந்தால், சிறுவர்கள் பந்து விளையாட இடம் கிடைக்கும். அதே திடலில் இரு தரப்புப் பிள்ளைகளும் ஒன்றாக விளையாடும் நாளும் வரலாம்.

சத்தம் பற்றிய அச்சத்துக்கு வருவோம். மதியிறுக்கம் உடைய சிலருக்கு ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவை நம்மைவிடப் பல மடங்கு தீவிரமாக உறைக்கும். கழிவறையில் கை உலர்த்தும் கருவியின் ஒலிகூட அவர்களுக்கு இடி இடிப்பதுபோல் இருக்கலாம். அதைத் தாங்க முடியாமல் காதைப் பொத்திக்கொள்வார்கள். சில வேளைகளில் கத்துவார்கள். அது கோபமும் அன்று, பிடிவாதமும் அன்று. “எனக்கு இது அதிகமாக இருக்கிறது” என்று சொல்லச் சொல் கிடைக்காதபோது எழும் குரல் அது. அமைதியான அறைகளும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் உள்ள இடத்தில் அந்தக் குரல் குறையவே செய்யும். மேலும், எந்தத் தொடக்கப்பள்ளியின் இடைவேளை நேரம் அமைதியாக இருக்கிறது? நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஓடி விளையாடும் அந்த ஆரவாரத்தை நாம் சத்தம் என்று மனு எழுதுவதில்லையே!

பாதுகாப்பு பற்றிய அச்சம்தான் எல்லாவற்றிலும் ஆதாரமற்றது. சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளால் மற்றவர்களுக்கு ஆபத்து என்ற எண்ணம், அவர்களோடு பழகாததால் வருவது. உண்மையில், ஆபத்துக்கு ஆளாகக்கூடியவர்கள் அவர்கள்தாம். வழி தவறிச் சென்றுவிட்டால், சிலருக்குத் தம் பெயரைச் சொல்லக்கூடத் தெரியாது. அத்தகைய பிள்ளைக்கு உண்மையான பாதுகாப்பு, “இந்தப் பிள்ளை நம் பள்ளிப் பிள்ளை” என்று அடையாளம் கண்டு, பக்கத்தில் வந்து நிற்கும் கடைக்காரரும் அண்டை வீட்டாரும்தான்.

வீட்டு விலை பற்றியும் பேசியாக வேண்டும். ஒரு வீவக வீட்டின் விலையை நிர்ணயிப்பவை பல: 99 ஆண்டுக் குத்தகையில் எஞ்சியுள்ள காலம், பெருவிரைவு ரயில் நிலையத்துக்கு உள்ள தூரம், மாடி, வீட்டின் நிலை முதலியன. அங் மோ கியோ, புக்கிட் பாத்தோக், ஈசூன், சீமெய் ஆகிய இடங்களில் சிறப்புப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் குடியிருப்புகளுக்கு நடுவே இயங்கி வருகின்றன. அவற்றைச் சுற்றிலும் மக்கள் வீடு வாங்குகிறார்கள், விற்கிறார்கள், தம் பிள்ளைகளை வளர்க்கிறார்கள். அந்த வட்டாரங்கள் மற்ற வட்டாரங்களைப் போலவே இருக்கின்றன. அப்படியே ஒரு வீட்டின் விலையில் சிறிது வேறுபாடு வந்தாலும், தராசின் மறு தட்டில் இருப்பது என்ன? ஒரு பிள்ளையின் பத்து ஆண்டுக் கல்வி. இரண்டையும் ஒரே எடையாக என்னால் கருத முடியவில்லை.

எது நியாயமான கவலை, எது தப்பெண்ணம் என்று எப்படிப் பிரித்தறிவது? எளிய சோதனை ஒன்று உண்டு. எதிர்ப்புச் சொல்லும் வாக்கியத்திலிருந்து ‘சிறப்புப் பள்ளி’ என்ற சொற்களை எடுத்துவிட்டு, ‘தொடக்கப்பள்ளி’ என்று போட்டுப் படித்துப் பாருங்கள். “இங்கே தொடக்கப்பள்ளி வந்தால் காலையில் நெரிசல் கூடும்.” இது பொருந்துகிறது. அப்படியானால், இது கட்டடத்தைப் பற்றிய கவலை. பேசித் தீர்க்கலாம். “இங்கே தொடக்கப்பள்ளி வந்தால் நம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இருக்காது.” இது பொருந்தவில்லை, கேட்பவர் சிரிப்பார். அப்படியானால், இது கட்டடத்தைப் பற்றிய கவலை அன்று. பிள்ளைகளைப் பற்றிய தப்பெண்ணம். அதற்குத் தீர்வு, கட்டடத்தை வேறு இடத்துக்கு மாற்றுவதன்று. நம் மனத்தை மாற்றுவதுதான்.

இதனால் திட்டமிடுபவர்களுக்குப் பொறுப்பு இல்லை என்று ஆகிவிடாது. எல்லாம் முடிவான பிறகு ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனால், குடியிருப்பாளர்கள் தங்களை யாரும் மதிக்கவில்லை என்றே நினைப்பார்கள். வரைபடம் தயாராகும் கட்டத்திலேயே சமூக மன்றத்தில் கூட்டம் நடத்த வேண்டும். வாகனங்கள் எந்த வழியாக வரும், கட்டுமானப் பணி எத்தனை மாதம் நீடிக்கும், திடல் யாருக்குத் திறந்திருக்கும் என்பவற்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே இயங்கும் சிறப்புப் பள்ளி ஒன்றின் பக்கத்தில் வசிப்பவரை அழைத்து வந்து பேசச் சொல்லலாம். அதிகாரிகள் பத்து முறை விளக்குவதைவிட, “எங்கள் வீட்டுக்கு எதிரே பல ஆண்டுகளாக இருக்கிறது” என்று ஒரு பாட்டி சொல்லும் ஒரு வாக்கியம் அதிகம் நம்பப்படும்.

அந்தக் கூட்டத்தில் பேச வேண்டியவர்கள் பெரியவர்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். மாணவர்களாகிய உங்களுக்கும் அதில் பங்கு உண்டு. சிங்கப்பூரில் சிறப்புப் பள்ளிகள் வழக்கமான பள்ளிகளோடு இணைந்து இடைவேளையையும் இணைப்பாட நடவடிக்கைகளையும் பகிர்ந்துகொள்ளும் திட்டங்கள் இருக்கின்றன. உங்கள் பள்ளியில் அத்தகைய வாய்ப்பு இருந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு நாள் சென்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவது நட்பாகாது. அடுத்த முறை சந்திக்கும்போது பெயர் சொல்லி அழைப்பதுதான் நட்பு. அப்படிப் பழகியவர்கள் நாளை வீடு வாங்கும் வயதுக்கு வரும்போது, மனுவில் கையெழுத்திடுவதற்கு முன் சற்று யோசிப்பார்கள்.

வீட்டிலும் நீங்கள் பேசலாம். “அந்த மாதிரிப் பிள்ளைகள்” என்று பெரியவர் ஒருவர் சொன்னால், மரியாதை குறையாமல் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: “மாமா, நீங்கள் அப்படி ஒரு பிள்ளையோடு பேசியிருக்கிறீர்களா?” சில நேரங்களில் ஒரு வாதத்தைவிட ஒரு கேள்வி அதிக வேலை செய்யும்.

தொடக்கத்தில் பார்த்த வாட்ஸ்அப் குழுவுக்கு மீண்டும் வருவோம். அதில் எழுதியவர்களைப் பற்றிப் பேசினோம். எழுதாத ஒருவரைப் பற்றி இன்னும் பேசவில்லை. ஒன்பதாவது மாடியில் வசிக்கும் ஒரு தாய் அந்தக் குழுவில் இருக்கிறார். அவர் மகளுக்கு எட்டு வயது. தினமும் காலை ஆறு மணிக்கெல்லாம் அந்தச் சிறுமியைக் கீழே அழைத்து வந்து, தீவின் மறுகோடியில் உள்ள பள்ளிக்குச் செல்லும் பேருந்துக்காகக் காத்திருக்கிறார். புளோக்குக்கு எதிரிலேயே ஒரு பள்ளி வரப்போகிறது என்ற தாளைப் படித்தபோது, அவருக்குக் கண்கள் கலங்கின. அந்த மகிழ்ச்சியோடு கைப்பேசியைத் திறந்தார். பிறகு ஒவ்வொரு செய்தியாகப் படித்தார். அவர் ஒன்றும் எழுதவில்லை.

இவரும் என் கற்பனைக் காட்சியில் வருபவர்தான். ஆயினும், நாம் வசிக்கும் புளோக்கிலோ பக்கத்துப் புளோக்கிலோ இவரைப் போன்ற ஒருவர் நிச்சயம் இருப்பார். அவருடைய பிள்ளை எங்கிருந்தோ நம் வட்டாரத்துக்கு வரப்போகும் அந்நியர் அல்லர். நாம் மின்தூக்கியில் தினமும் சந்திக்கும் அண்டை வீட்டுப் பிள்ளை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று நம் முன்னோர் சொல்வார்கள். நமக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி தன் வீட்டிலிருந்து பள்ளிக்கு நடந்து போக வேண்டும் என்று விரும்புவதற்கு, அவள் நம் அண்டை வீட்டில் இருக்கிறாள் என்ற ஒரு காரணமே போதும்.